மேஜைக்கு அடியில் தொட்டில்

நான் ஒன்றும் பயந்த சுபாவம் கிடையாது, அக்கா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கம்பியில் மூன்று கைக்குட்டை கட்டியிருக்கிறேனே என்று பார்க்கிறீர்கள். அது காற்றுக்கு. பாப்பாவுக்கு ஐந்து மாதம்தான் ஆகிறது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தொப்பி போட்டிருப்பதும் காற்றுக்குத்தான். நீங்கள் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தால் வாசல் பக்கத்துக் காற்றும் நின்றுவிடும். ஆங், இப்போது சரி.

போனை ஏன் இப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்றால், என் வீட்டுக்காரருக்கு வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று இந்த பஸ் சிவகாசி போவதற்குள் தெரிந்துவிடும். அவரை முதலாளி அண்ணாச்சி தன் காரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். காரில் எனக்கும் இடம் இருந்தது. ஆனால் அண்ணாச்சி, "தங்கச்சி பஸ்ல வரட்டும்" என்று சொல்லிவிட்டார். குழந்தைக்கு ஏசி ஆகாது என்று யோசித்திருப்பார். நல்ல மனிதர்.

என்ன வேலையா? பாஸ்கெட்பால் கோச். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் இல்லை, சம்பளம் வாங்கி ஆடுகிற டீமுக்குக் கோச். சிவகாசி ராக்கெட்ஸ். கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை, சிவகாசியிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை. டிவியில் காட்டுகிற பெரிய லீக் இல்லை இது. அதற்கு ரொம்பக் கீழே, தெற்கு ஜில்லாக்களுக்கு என்று ஒரு சின்ன லீக். எட்டு டீம். சொந்த ஊரில் ஏழு மேட்ச், வெளியூரில் ஏழு மேட்ச். முதல் நாலு இடத்துக்குள் வந்தால் டெரன்சுக்கு, அதுதான் என் வீட்டுக்காரருக்கு, அடுத்த வருஷமும் வேலை உண்டு. வராவிட்டால் இல்லை.

அண்ணாச்சிக்குக் காலண்டர் அச்சடிக்கிற தொழில். டீமுக்கும் வருஷம் ஒரு காலண்டர் போடுவார். "டெரன்சு, நாலாவது எடம் வந்தா ஜனவரிப் பக்கத்துல நீதான் நிக்கே. வரலைன்னா அந்தப் பக்கத்துக்கு முருகன் படம் போட்டுக்கிடுவேன்" என்று சொல்லியிருந்தார். முருகனோடு யார் போட்டி போடுவது, சொல்லுங்கள்.

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்றால், நான் தூத்துக்குடியில் கான்வென்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் எமரன்சியாவுக்கு பாஸ்கெட்பால் பைத்தியம். நான் ஆட மாட்டேன், பந்து முகத்துக்கு வரும். அதனால் என்னை ஸ்கோர் மேஜையில் உட்கார வைத்துக் கடிகாரம் ஓட்டப் பழக்கினார். "மேஜையில உக்காந்தா நீ எந்தப் பக்கத்துப் பொண்ணும் இல்ல" என்பார். இன்று வரை அப்படித்தான் இருக்கிறேன். கடிகாரம் ஓட்டுகிறவர்களுக்கு இந்த லீக்கில் ஒரு பரீட்சை உண்டு. சிவகாசியில் அதில் பாஸானது நான் ஒருத்திதான். எழுதியதும் நான் ஒருத்திதான் என்பது வேறு விஷயம்.

கடிகாரம் என்றால் இரண்டு. ஒன்று ஆட்ட நேரத்துக்கு. இன்னொன்று இருபத்து நாலு விநாடி. பந்து கைக்கு வந்தால் இருபத்து நாலு விநாடிக்குள் கூடையைப் பார்த்து எறிந்துவிட வேண்டும். உள்ளே விழாவிட்டாலும் வளையத்திலாவது பட வேண்டும். பட்டால் நான் பொத்தானை அமுக்கி, எண்ணிக்கையைத் திருப்பி வைப்பேன். படாமலே நேரம் தீர்ந்தால் சங்கு ஊதும், பந்து எதிர் டீமுக்குப் போய்விடும். அவ்வளவுதான், நீங்களே ஓட்டலாம். மற்ற ஊர்களில் இரண்டு கடிகாரத்துக்கும் இரண்டு ஆள். எங்கள் ஊரில் இரண்டுக்கும் நான் ஒருத்தி.

தொல்லை எல்லாம் அந்தச் சங்கால்தான். மற்ற ஊர்களில் சின்னதாக ஒரு பஸ்ஸர் இருக்கும். எங்கள் அண்ணாச்சி, மூடிப்போன ஒரு தீப்பெட்டி ஆபீசில் ஷிப்டு மாறும்போது ஊதுகிற சங்கை வாங்கிவந்து, என் தலைக்கு மேலே கம்பத்தில் மாட்டிவிட்டார். சீசனுக்கு முன்னால் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை ஊதியது. பின்தெருவில் ரிட்டயரான ஒருவர் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாராம். பாப்பா முக்கால் மணி நேரம் அழுதாள். அதே நேரத்தில் இசக்கிராஜா மேஜைக்குப் பக்கத்தில் நின்று தும்மினான், அதற்குத்தான் அழுதாள் என்று சிலர் சொல்கிறார்கள். இசக்கிராஜா எங்கள் டீமின் சென்டர், கூடைக்கு அடியில் நிற்கிற ஆள். நாங்குநேரிப் பையன், ஆறடி எட்டு அங்குலம். அவன் தும்மினால் கொஞ்சம் அதிரத்தான் செய்யும். ஆனால் பாப்பா அழுதது சங்குக்கு. பெற்றவளுக்குத் தெரியாதா?

குழந்தையை ஏன் அங்கே கொண்டுபோக வேண்டும் என்று கேட்பீர்கள். யாரிடம் விடுவது? பக்கத்து வீட்டு அம்மா பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவர் வீட்டில் பூனை இருக்கிறது. எதிர் வீட்டில் பூனை இல்லை, மாடிப்படி இருக்கிறது. "அவளுக்குத்தான் இன்னும் தவழவே தெரியாதே" என்றார் டெரன்ஸ். இன்றைக்குத் தெரியாது. நாம் இல்லாத நேரம் பார்த்துக் கற்றுக்கொண்டால்?

அதனால் ஸ்கோர் மேஜைக்கு அடியிலேயே சேலையில் தொட்டில் கட்டினேன். நல்ல பாரமான மேஜை. வலது கை ஆட்ட நேரத்துக்கு, இடது கை இருபத்து நாலு விநாடிக்கு, வலது கால் தொட்டிலுக்கு.

முதல் மேட்ச் தேனிக்காரர்களோடு. பாப்பா அப்போதுதான் கண் அசந்தாள். தேனிப் பையன் ஒருவன் இருபத்து மூன்றாவது விநாடியில் எறிந்தான். பந்து வளையத்தில் பட்டதா இல்லையா? எனக்குப் பட்ட மாதிரிதான் இருந்தது. நடுவில் ஒரு முழம் இடைவெளி என்று பிற்பாடு சொன்னார்கள். இருக்கட்டும். அமுக்கிவிட்டேன். சங்கு ஊதவில்லை. பாப்பா தூங்கினாள்.

அடுத்த நிமிஷமே எங்கள் பையன்களில் ஒருத்தன் அதே மாதிரி எறிந்தான். தேனிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு எங்கள் பையன்களுக்கு மட்டும் ஊதினால் அது என்ன நியாயம்? அதற்கும் அமுக்கினேன். அப்படியே பழகிவிட்டது. அவர்களுக்கு ஒன்று என்றால் இவர்களுக்கும் ஒன்று. ரெஃப்ரீ இரண்டு பேரும் சங்கை நம்பி ஓடுகிறவர்கள். சங்கு ஊதினால் விசில். ஊதாவிட்டால் அவர்களுக்கும் மூச்சு மிச்சம்.

என்ன ஆயிற்று என்றால், ஆட்டம் கொஞ்சம் நிதானப்பட்டது. அவசரம் இல்லை பாருங்கள். பந்தை இவன் அவனிடம் கொடுப்பான், அவன் யோசிப்பான், திரும்ப இவனிடமே கொடுப்பான். எண்பது தொண்ணூறு புள்ளி எடுக்கிற ஆட்டத்தில் முப்பத்தொன்று, இருபத்தெட்டு என்று முடியும். பார்க்க வந்தவர்கள் பாப்பாவோடு சேர்ந்து தூங்குவார்கள். ஆனால் எங்கள் பையன்களுக்கு அதுதான் ஒத்துவந்தது. ஓட முடியாதவர்கள், நல்ல சாப்பாட்டுப் பிரியர்கள். சொந்த ஊரில் ஆறு மேட்சில் ஐந்து ஜெயித்தார்கள். வெளியூரில் ஏழில் ஒன்றுதான். அங்கெல்லாம் சங்கு ஊதும். டெரன்ஸ் அதற்கு வெளியூர்த் தண்ணீர்தான் காரணம் என்றார்.

டெரன்சுக்கு ரொம்பப் பெருமை. "நிதானம்தான் நம்ம ஆயுதம்" என்று பையன்களிடம் சொல்வார். ஒரு பேப்பரில்கூடப் பேட்டி வந்தது. எதிராளியின் பொறுமையை எப்படிச் சோதிப்பது என்று முக்கால் பக்கத்துக்கு விளக்கியிருந்தார். நல்ல போட்டோ. நான்தான் சட்டை தேய்த்துக் கொடுத்தேன். அவரை நிதானம் என்று சொன்னால் டீம் பெஞ்சில் அவரைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். வீட்டில் வாயே திறக்காத மனிதர், மேட்ச் என்றால் போடுகிற சத்தம் திருத்தங்கல் வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு பாப்பா அசைய மாட்டாள். அப்பா குரல் இல்லையா? இதோ, இந்த டிரைவர் ஏறினதிலிருந்து ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை, பாருங்கள், இமை அசைகிறதா? பஸ் ஹாரன் வேறு. சங்கு வேறு.

பையன்கள் தங்கமானவர்கள். மாற்று ஆளாக உள்ளே போகிறவன் முதலில் மேஜைக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டம். வருகிறவன் எல்லாம் தொட்டிலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவான். அதற்காகவே உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தார்கள். "ஏண்டா, நான் யாரையும் மாத்தலியே, எதுக்குடா அங்க வரிசையா நிக்கிறீங்க?" என்று டெரன்ஸ் கத்துவார். "சும்மா, கோச்" என்பான் இசக்கிராஜா. அவன் பாதம் பதினாறாம் நம்பர். பெருவிரலால் தொடுவது பூப்போல இருக்கும்.

கடைசி மேட்ச் நாகர்கோவிலோடு. ஜெயிக்கிறவர்களுக்கு நாலாவது இடம். அன்றைக்குக் காலையில்தான் பாப்பாவுக்கு ஊசி. இரண்டு தொடையிலும். லேசாக உடம்பு சுட்டது. "சாதாரணம்தாம்மா, சொட்டு மருந்து குடுங்க" என்றார் டாக்டரம்மா. அவர் சாதாரணம் என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மேட்ச் முழுக்க அழுதாள். ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் குழந்தை. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போதுதான் தூங்கினாள். தொட்டிலில் போட்டேன்.

முப்பது விநாடி பாக்கி. நாகர்கோவில் ஒரே ஒரு புள்ளி முன்னால். பந்து அவர்கள் கையில். சிவகாசியில் சங்கு ஊதாது என்று அதற்குள் லீக் முழுக்கப் பேச்சாகிவிட்டது. டெரன்சுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்காதீர்கள். ஜெயித்துக்கொண்டிருக்கிற கோச் எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். நாகர்கோவில் பையன்கள் எறியவே இல்லை, அக்கா. சுற்றி நின்று பந்தை ஒருத்தனுக்கொருத்தன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எறிந்தாலாவது வளையத்தில் பட்ட மாதிரி எனக்குத் தோன்றும். எறியாத பந்து எப்படிப் பட முடியும்? அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன்.

போவேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன். கட்டைவிரல் பொத்தான் மேல்தான் இருந்தது. அமுக்கினால் பாப்பா தூங்குவாள், டெரன்சுக்கு வேலை போகும். அமுக்காவிட்டால் சங்கு ஊதும், பந்து நமக்கு வரும், பாப்பா எழுவாள், அழுது அழுது காய்ச்சல் ஏறும், அப்புறம் என்னென்னவோ. ஐந்து, நாலு, மூன்று. அப்போது டெரன்ஸ் நேரம் பார்க்கத் திரும்பினார். தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, வேர்த்து, சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டு. அந்த முகத்தைப் பார்த்தேன். விரல் தானாக விலகிவிட்டது.

சங்கு ஊதியது. ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. நாகர்கோவில் பையன்கள், யாரோ செத்துப்போன மாதிரி, பந்தைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார்கள்.

பாப்பா எழுந்திருக்கவில்லை.

நீங்களே சொல்லுங்கள், எழுந்திருக்க வேண்டிய குழந்தை எழுந்திருக்காவிட்டால் பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? ஊசி போட்ட குழந்தை. அவ்வளவு பெரிய சங்கு. நான் மேஜைக்கு அடியில் பாய்ந்தேன். மூக்கில் விரல் வைத்தால் மூச்சு வருகிற மாதிரியும் இருக்கிறது, வராத மாதிரியும் இருக்கிறது. உள்ளங்காலைச் சுரண்டினேன். கிள்ளினேன், மெதுவாகத்தான். மேலே திமுதிமுவென்று ஓட்டம், கத்தல். பாப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து, என்னைப் பார்த்து, கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி தூங்கிவிட்டாள். என் உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

வெளியே வந்து பார்த்தால் மைதானம் முழுக்க ஆட்டம் பாட்டம். இசக்கிராஜா இரண்டு தடவை எறிந்து தவறவிட்டு, மூன்றாவது தடவை போட்டுவிட்டானாம். நாலு பேர் அவனைத் தோளில் தூக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். டெரன்ஸ் அழுதுகொண்டிருந்தார். அப்போது நாகர்கோவில் கோச் பலகையைக் காட்டினார். ஆட்ட நேரம் ஆறு விநாடியில் அப்படியே நிற்கிறது. சங்குக்கு நின்ற நேரத்தை நான் மறுபடி ஓட விடவே இல்லை.

ரெஃப்ரீ மேஜைக்கு வந்தார். "மேடம், டைம் ஏன் ஓடல?"

"குழந்தை எந்திரிக்கல சார்."

"எந்திரிக்கலைன்னா நல்லதுதான?"

அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

போட்ட புள்ளி செல்லாது, அந்த ஆறு விநாடியை மறுபடி ஆடுங்கள் என்றார்கள். ஆடினார்கள். பந்து இசக்கிராஜாவுக்கு வர வேண்டும். அவன் என் பக்கம் திரும்பி, "அக்கா, பாப்பா நல்லாருக்கால்ல?" என்று கேட்டான். பந்து அவன் முதுகில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது. அதோடு முடிந்தது. நல்ல பையன். யார் கேட்பார்கள் அந்த நேரத்தில்?

அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை. போனை எடுத்து, "ஏலே, அந்தப் பழனியாண்டவர் படம் ரெண்டு தினுசு எடுத்து வை" என்று யாரிடமோ சொன்னார்.

டெரன்ஸ் விடவில்லை. கடிகாரக் கோளாறு, மேட்சைத் திரும்ப நடத்த வேண்டும் என்று லீக்குக்கு மனுப் போட்டார். இன்றைக்கு மதுரையில் விசாரணை. காலையில் பஸ்ஸில் வரும்போதே என்னிடம், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்த ஆறு விநாடி மட்டும். முன்னாடி பின்னாடி போகாத" என்றார். அவருக்கே அதற்கு முன்னாடி என்ன என்று தெரியாது. பொதுவாகச் சொன்னார், என் வாயை அறிந்து.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சேர்மன். பார்த்தால் நல்ல பக்தியான முகம். அவர் கேட்டார்: "ஏம்மா, இதுக்கு முந்தி கடிகாரத்துல கோளாறு ஏதும் உண்டா?"

"கடிகாரத்துல இல்ல சார். நான்தான் ஊத விடல."

டெரன்ஸ் செருமினார். தொண்டை கட்டியிருக்கிறது போல என்று தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"ஊத விடலைன்னா?"

நான் முழுசாகச் சொன்னேன். தொட்டில், தேனிப் பையன், ஒரு முழம், எல்லாம். பாதி உண்மை சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. சேர்மன் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை தடவைம்மா?"

"எண்ணல சார். ஆனா ரெண்டு பக்கத்துக்கும் சமமா."

"ஏழு மேட்ச்லயும்?"

"ஏழுலயும்."

"மொத்தமா சங்கு எத்தனை தடவை ஊதுச்சு?"

"ஒண்ணு சார்."

நாகர்கோவில் மேனேஜர் எழுந்து, "இதத்தான் நாங்க அப்பவே சந்தேகப்பட்டோம்" என்றார். "சந்தேகப்பட்டுட்டு, ஊதாதுங்கிற தைரியத்துல பந்தைக் கையில வச்சுட்டு நின்னது யாரு?" என்று சேர்மன் கேட்டார். மேனேஜர் உட்கார்ந்துவிட்டார்.

டெரன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கல்யாணமானதிலிருந்து அப்படிப் பார்த்ததில்லை. என் நேர்மை அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். "நிதானம்" என்று ஒரே ஒரு வார்த்தை மெதுவாகச் சொன்னார். என்னை நிதானமாகப் பேசச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் விளக்கினேன். மனுவோடு அந்தப் பேட்டி வந்த பேப்பரையும் வைத்திருந்தார். சேர்மன் அதை மடித்து, "இத நீங்களே வச்சுக்கிடுங்க, தம்பி" என்று திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கிப் பையில் வைத்தேன். பிரேம் போட வேண்டும்.

தீர்ப்பு என்ன தெரியுமா? சிவகாசியில் நடந்த ஏழு மேட்சும் செல்லாது. ஏழையும் திரும்ப ஆட வேண்டும், அதே மைதானத்தில். இனி ஸ்கோர் மேஜையிலோ, மேஜையின் பக்கத்திலோ, அடியிலோ கைக்குழந்தை இருக்கக் கூடாது என்று அங்கேயே ஒரு விதி எழுதினார்கள். 'அடியிலோ' என்பதை நான்தான் நினைவுபடுத்தினேன். பரீட்சை பாஸானவர் வேறு யாரும் இல்லாததால் கடிகாரம் நான்தான் ஓட்ட வேண்டும், பக்கத்தில் மதுரையிலிருந்து ஒருவர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். "குழந்தையை என்ன செய்ய சார்?" என்று கேட்டேன். பூனையையும் மாடிப்படியையும் சொன்னேன். சேர்மன் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீம் பெஞ்சுல இருக்கலாம். அங்க தடை ஒண்ணும் இல்ல" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி டெரன்சின் தோளில் கை போட்டுக் காருக்குக் கூட்டிப்போனார். இன்னும் ஏழு மேட்சுக்கு இவரையே வைத்துக்கொள்வதா, தென்காசியில் ஒருத்தர் இருக்கிறாராம், அவரைக் கூப்பிடுவதா என்று வீடு போவதற்குள் முடிவு செய்ய வேண்டுமாம். தென்காசிக்காரர் நல்ல கோச் என்கிறார்கள். வேலை போனால் எந்த ஊருக்குப் போவோமோ, அங்கே எந்த வீட்டில் பூனை இருக்குமோ.

இருங்கள், போன். அவர்தான். பாப்பாவை ஒரு நிமிஷம் பிடியுங்கள், தலையைத் தாங்கிப் பிடியுங்கள், அக்கா, கழுத்து நிற்காது. நிற்கும், ஆனாலும்.

"ஹலோ... ம்... ம்... என்ன சொன்னாங்க அண்ணாச்சி? சத்தமா சொல்லுங்க, பஸ்ல ஒண்ணும் கேக்கல."

"..."

"நிஜமாவா? அந்தத் தென்காசிக்காரர்?"

"..."

அக்கா, வேலை இருக்கிறதாம். இவரேதானாம். கடிகாரத்துக்கு நான் வேண்டும், நான் வந்தால் பாப்பா வருவாள், பாப்பா பெஞ்சில் யார் மடியிலாவது இருக்க வேண்டும், புதிதாக வருகிற கோச்சுக்குக் குழந்தை தூக்கத் தெரியுமா என்று அண்ணாச்சி வழி முழுக்க யோசித்தாராம். கடைசியில், "பெத்தவன் நீயே இருந்து தொலை" என்று சொல்லிவிட்டாராம்.

"ஹலோ, கேக்குதா? நாற்பது நிமிஷ ஆட்டம், முழுசும் நீங்கதான் மடியில வச்சிருக்கணும், மடியில வச்சுட்டுக் கத்தக் கூடாது, தெரியும்ல... ஏன் இப்படிக் கிசுகிசுன்னு பேசுறீங்க? அண்ணாச்சி தூங்குறாங்களா?"

"..."

இல்லையாம், அக்கா. பழகிக்கொண்டிருக்கிறாராம்.